சேற்றுப்புண் சீசன்

செப்டம்பர் 1, செவ்வாய்

எங்களுக்கு அலுமினிய ட்யூப் சப்ளை செய்பவரிடம் காலையில், முதலாளி ஊரில் இல்லை, செக்கில் கையெழுத்துப் போட ஆளில்லை என்றேன். பிற்பகல் அவரே மறுபடி அழைத்தார். முதலாளி இங்கேதான் இருக்கிறார், செக் புத்தகம்தான் தீர்ந்துவிட்டது என்றேன். "மேடம், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எங்க முதலாளிகிட்ட அதையே சொல்லிக்கறேன்" என்றார். நல்ல மனிதர். யாரிடம் என்ன சொன்னேன் என்று இனி எழுதி வைப்பதாக முடிவு.

டைரி இந்த வருடத்துடையதுதான். காப்பீட்டு ஏஜெண்ட் கொடுத்தது, எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது.

முறைப்படி ஆரம்பித்துவிடுகிறேன். என் பெயர் அமலோற்பவம். திருப்போரூர் பக்கம் தொழிற்பேட்டையில் இருக்கும் பூவரா லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியில் நிதி மேலாளர். நாங்கள் செய்வது இரண்டு சரக்கு. சேற்றுப்புண் களிம்பு கடைகளுக்குப் போகிறது. இரும்புச்சத்து மாத்திரை வடக்கே ஒரு மாநில அரசுக்குப் போகிறது. போன வருடம் நல்ல லாபம் என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த லாபத்தில் பாதி களிம்பாகக் குடோனில் இருக்கிறது. மீதியை அந்த மாநில அரசு வைத்திருக்கிறது. காசாக மட்டும் எங்கேயும் இல்லை.

செப்டம்பர் 2, புதன்

மழை இல்லை.

செப்டம்பர் 4, வெள்ளி

களிம்பு எப்படி இவ்வளவு சேர்ந்தது என்பதை எழுதி வைப்பது நல்லது. பின்னால் யாராவது கேட்பார்கள்.

முதலாளி பூவராகன் பி.ஃபார்ம் படித்தவர். களிம்பின் கலவை அவர் உருவாக்கியது. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. வயலில் நாற்று நடும் பெண்கள் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் எவ்வளவு செய்வது என்பதை மட்டும் அவர் பஞ்சாங்கத்தில் பார்ப்பார். சித்திரை முதல் தேதி கம்பெனியில் பூசை நடக்கும். குருக்கள் வந்து புதுப் பஞ்சாங்கம் வாசிப்பார். இந்த வருடம் எத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் பெய்வது எவ்வளவு, மலையில் எவ்வளவு, நாட்டில் எவ்வளவு என்றெல்லாம் அதில் இருக்கும். நாட்டில் பெய்கிற பங்கை வைத்து முதலாளி உற்பத்தித் திட்டம் போடுவார். மழை பெய்தால் சேறு, சேறு இருந்தால் புண், புண் வந்தால் களிம்பு. யோசித்துப் பார்த்தால் தவறு சொல்ல இடமில்லை.

இரண்டு வருடம் அப்படியே பலித்தது. இந்த வருடம் நாட்டில் மிக அதிகம் என்றது பஞ்சாங்கம். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு செய்வதென்று முடிவாயிற்று. மூலப்பொருள் வெளிநாட்டுச் சரக்கு. முழுப் பணத்தையும் முன்னால் கட்டினால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். கட்டினோம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரை மிஷின் நிற்கவில்லை. நான் எதிர்ப்புத் தெரிவித்தேன் என்று எழுத ஆசைதான். அன்று சர்க்கரைப் பொங்கல் மிக நன்றாக இருந்தது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். யூட்யூபில் நான்கு வானிலைக்காரர்களைத் தவறாமல் பார்க்கிறார். இந்த வருடம் மழை தள்ளிப்போகும் என்று மே மாதமே சொன்னார். அவரிடம் மழையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 9, புதன்

வடக்கு மாநில அலுவலகத்துக்குப் போன் செய்யும் நாள். அங்கே இருக்கும் எழுத்தர் இந்தியில் பேசுவார், நான் ஆங்கிலத்தில் பேசுவேன். எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை. கோப்பு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்றார். பிப்ரவரியிலிருந்து மேலே போகிறது. அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான் என்று நேரில் போய் வந்த எங்கள் ஆள் சொல்கிறார்.

அவர்கள் தர வேண்டியது ஒரு கோடியே பத்து லட்சம்.

செப்டம்பர் 10, வியாழன்

வங்கிக்கு மாதாந்திர ஸ்டேட்மெண்ட் கொடுத்தேன். குடோனில் இவ்வளவு சரக்கு இருக்கிறது, வெளியிலிருந்து இவ்வளவு வர வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம். அதைப் பார்த்து, இதுவரை எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கி ஓர் எல்லை போடும். அந்த எல்லைக்குள்தான் சம்பளம், கரண்ட் பில், எல்லாம். எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டோம்.

தொண்ணூறு நாளுக்கு மேல் வராத பாக்கியை வங்கி கணக்கில் சேர்க்காது. அரசாங்கம் தர வேண்டிய பணமாயிற்றே, அரசாங்கம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று மேலாளரிடம் கேட்டேன். இளவயதுக்காரர், மரியாதையானவர். "அது ஓடாதுங்கறதுதான் மேடம் பிரச்சினையே" என்றார்.

செப்டம்பர் 14, திங்கள்

தூறல். மொட்டைமாடிக்குப் போய் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டு ஏசியிலிருந்து வந்த தண்ணீர்.

செப்டம்பர் 18, வெள்ளி

மார்ச் மாதம் விற்பனைக் கணக்கு அழகாகத் தெரிவதற்காக ஒரு திட்டம் அறிவித்திருந்தோம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் களிம்பு எடுக்கும் மொத்த வியாபாரிகளுக்குப் பாங்காக் பயணம். இருபத்தாறு பேர் தேறிவிட்டார்கள். சரக்கை எடுத்தார்களே தவிர யாரும் விற்கவில்லை. விற்காததால் பணமும் தரவில்லை. ஆனால் பாங்காக்கை மறக்கவில்லை.

பயணத்தை ரத்து செய்தால் கம்பெனிக்குச் சிக்கல் என்று ஊரெல்லாம் செய்தி பரவி, கொடுக்க நினைப்பவர்களும் கொடுக்க மாட்டார்கள் என்கிறார் முதலாளி. அழைத்துப் போக நம்மிடம் பணம் இல்லையே என்றேன். வெகுநேரம் யோசித்து ஏற்காடு என்றார். அடுத்த வாரம் மூன்று நாள். அங்கேயே ஆளுக்கு ஒரு செக் வாங்கிவிட வேண்டும். போகப் போவது நான்.

முதலாளி காரை விற்றுவிட்டார். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதாகச் சொல்கிறார்.

செப்டம்பர் 26, சனி. ஏற்காடு

பேருந்தில் ஏறும்போது சிலர் இன்னும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தார்கள். எங்களைக் குத்திக்காட்டத்தான்.

இங்கே மூன்று நாளாக அடைமழை. வெளியே கால் வைக்க முடியவில்லை. பஞ்சாங்கத்தில் மலைக்கு என்று ஒரு பங்கு இருந்தது, அது மட்டும் சரியாக வந்து இறங்கியிருக்கிறது. மலையில் யாரும் நாற்று நடுவதில்லை.

வெளியே போக முடியாததால் எல்லோரும் ஓட்டல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பஜ்ஜித் தட்டோடு ஒவ்வொரு மேசையாகப் போனேன். மதுரை வியாபாரி தெய்வேந்திரன்தான் எல்லோரிலும் பெரியவர். அவர் கொடுத்தால் மற்றவர்கள் கொடுப்பார்கள். என்னை உட்காரச் சொன்னார். குடும்பம் பற்றி விசாரித்தார். கம்பெனி எப்படிப் போகிறது என்றார். நன்றாகப் போகிறது என்றேன்.

"நல்லாப் போற கம்பெனி பாங்காக்குன்னு சொல்லிப்புட்டு ஏற்காட்டுக்கா கூட்டியாரும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஜ்ஜியைச் சட்னியில் தொட்டுக்கொண்டே சொன்னார்.

பாங்காக்கில் இப்போது வெயில் அதிகம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து, கேட்ட தொகையை எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். செக்கை நான் பையில் வைக்கும்போது, "நான் போன் பண்ணுறவரைக்கும் பேங்குல போட்றாதீங்கம்மா" என்றார்.

இருபத்தாறு பேரும் செக் கொடுத்தார்கள். இருபத்தாறு பேரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். இருபது வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிவரும் வாக்கியம் அது. கேட்கும் பக்கத்திலிருந்து இவ்வளவு கடுமையாக இருக்கும் என்று தெரியாது.

செப்டம்பர் 30, புதன்

இரண்டு பேர் போன் செய்தார்கள். இரண்டு செக்கைப் போட்டேன். அட்டைப்பெட்டிக்காரருக்குப் பழைய பாக்கி கொஞ்சம், கரண்ட் பில் முழுவதும்.

ட்யூப்காரரிடம் சொன்னது: கணினி பழுது.

அக்டோபர் 7, புதன்

சம்பளம் போட்டாயிற்று. தொண்ணூற்றாறு பேருக்கும்.

வீட்டுக்காரர் உனக்குச் சம்பள மெசேஜ் வரவில்லையே என்றார். போனில் சிக்னல் கோளாறு என்றேன். ஜூலையிலிருந்தே கோளாறு.

அக்டோபர் 8, வியாழன்

பேக்கிங் செக்‌ஷனில் அஞ்சலாட்சி என்னைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி தொடங்கிய வருடத்திலிருந்து இருப்பவர்; பெண்கள் எல்லோரும் அவர் சொல்வதைக் கேட்பார்கள். தீபாவளி நவம்பர் எட்டு, போனஸ் எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். சீட்டு எடுத்து, மகள் வீட்டுக்குச் செய்முறை செய்வதாகச் சொல்லியிருக்கிறாராம். அவருக்குப் பின்னால் களிம்பு ட்யூப்கள் பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தன. முதலாளியிடம் பேசிச் சொல்கிறேன் என்றேன். "நீங்க சொன்னா சரி மேடம்" என்றார்.

அக்டோபர் 12, திங்கள்

முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கதவைச் சாத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

போனஸுக்குப் பதினேழு லட்சம் வேண்டும். இல்லை. ஆயுத பூசை அன்று எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். அப்போது பேசி, போனஸை இந்த வருடம் கம்பெனியிலேயே விட்டு வைக்கச் சொல்ல வேண்டுமாம். வடக்கிலிருந்து பணம் வந்ததும் பன்னிரண்டு சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாமாம். அவர் பிள்ளையார் படத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். ஏமாற்றும் மனிதர் அல்ல. அந்தப் பணம் வரும் என்று உண்மையாகவே நம்புகிறார்.

நீங்களே கேளுங்களேன் என்றேன்.

"நான் கேட்டா யோசிப்பாங்க அமலிம்மா. நீங்க கேட்டா குடுப்பாங்க."

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தேன்.

அக்டோபர் 14, புதன்

ட்யூப் இருப்பைச் சரிபார்க்கப் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். சரியாக இருந்தது.

அக்டோபர் 15, வியாழன்

ட்யூப் இருப்பைச் சரிபார்க்கப் போனேன். நேற்றுத்தானே பார்த்தீர்கள் என்றார் அஞ்சலாட்சி.

அக்டோபர் 19, திங்கள். ஆயுத பூசை

மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். களிம்பு கலக்கும் அண்டாவுக்குப் பெரிய மாலை. எல்லோருக்கும் பொரி, கடலை, ஆளுக்கு ஓர் ஆப்பிள். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரியான நான் வழக்கம்போலக் கடைசியில் நின்று விபூதியை மட்டும் கையில் வாங்கிக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் முதலாளி, அமலி மேடம் இரண்டு வார்த்தை பேசுவார் என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் பின்னால் போய்விட்டார்.

பேசினேன். நேற்று முழுவதும் குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தேன். கம்பெனிக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது, கொஞ்சம் தாமதம், விருப்பம் உள்ளவர்கள் மட்டும் போனஸை விட்டு வைக்கலாம், வட்டி உண்டு, கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். யாராவது கோபப்படுவார்கள், யாராவது தீபாவளிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள், நான் முதலாளியிடம் போய் முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

அஞ்சலாட்சி தன் ஆப்பிளை முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க சொல்றீங்கல்ல மேடம். என் பேர எழுதிக்குங்க."

அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. தொண்ணூற்றாறு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேர் கைநாட்டு. கம்பெனி மீது இவர்களுக்கு எவ்வளவு பற்று பார்த்தீர்களா என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பங்குப் பொரியை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். பொரி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதலாம். பொரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 23, வெள்ளி

வங்கி மேலாளர் குடோனைப் பார்க்க வந்தார். களிம்புப் பெட்டிகள் கூரை வரை இருந்தன. ஒரு பெட்டியைத் திருப்பி, தயாரித்த தேதியைப் பார்த்தார். இன்னொரு பெட்டியையும் பார்த்தார். ஏப்ரல், மே.

அடுத்த ஸ்டேட்மெண்டிலிருந்து ஆறு மாதம் ஆன சரக்கைக் கழித்துவிட வேண்டும் என்றார். மருந்து கெட இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது என்றேன். மருந்து கெடாது, ஆனால் விற்கவும் இல்லையே என்றார். இவர் வயதுக்கு இவ்வளவு நிதானம் ஆகாது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏப்ரல், மே சரக்கைக் கழித்தால் வங்கி போடும் எல்லை பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். இப்போது நாங்கள் எடுத்திருப்பது அதற்கு மேலே. அதாவது வடக்கிலிருந்து ஒரு கோடி வந்தாலும், எங்கள் கணக்கில் விழுந்த கணமே வங்கி அதைத் தன் கடனில் வரவு வைத்துக்கொள்ளும். மறுபடி எடுக்க விடாது. பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று நான் தொண்ணூற்றாறு பேரிடம் சொன்னேன். பணம் வரும். திருப்பித் தர முடியாது.

மறுபடி கணக்குப் போட்டேன். அதே விடை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கும் சொல்ல முடியாது, அதனால் இங்கே.

அக்டோபர் 24, சனி

அடுப்பைக் கழற்றிக் கழுவினேன். என்ன ஆயிற்று உனக்கு, வீட்டில் எல்லாம் பளபளவென்று இருக்கிறதே என்றார் வீட்டுக்காரர். தீபாவளி வருகிறது என்றேன். நமக்கு எதற்கு என்றார். நியாயமான கேள்வி.

அக்டோபர் 27, செவ்வாய்

முதலாளியிடம் கணக்கை விளக்கினேன். கவனமாகக் கேட்டார். மழை வந்தால் சரக்கு விற்றுவிடும், சரக்கு விற்றால் வங்கி கழிக்க ஒன்றும் இருக்காது என்றார். அதிலும் தவறு சொல்ல இடமில்லை. நவம்பர் நாலாம் தேதி திருப்போரூரில் வருண ஜபத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். நான்கு பேர் அண்டாவில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து ஜபிப்பார்களாம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய். அவர் சொந்தப் பணம் என்றார், மோதிர விரல் வெறுமையாக இருந்தது. ரசீதைக் கம்பெனி பெயரில்தான் வாங்கிவந்திருக்கிறார். எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டதற்கு விற்பனை மேம்பாடு என்றார்.

நவம்பர் 2, திங்கள்

தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்பதால் இந்த மாதச் சம்பளத்தை இன்றே போட்டாயிற்று. தெய்வேந்திரன் போன் செய்தார். செக்கைப் போடச் சொல்வதற்கு என்று நினைத்தேன். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருக்கிறாராம்.

நவம்பர் 4, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் முதலாளி ஜபத்துக்குப் புறப்பட்டார். கோயிலுக்கு அவர் போன் எடுத்துப்போக மாட்டார். எப்போதும் போல என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப எங்கள் இருவருடைய ஒப்புதலும் வேண்டும். என்னுடைய ரகசிய எண் என் போனுக்கு வரும், அவருடையது அவர் போனுக்கு வரும். அவருக்கு அந்த வேலையெல்லாம் பழக்கமில்லை. ஐந்து வருடமாக இரண்டு எண்ணையும் நான்தான் அடிக்கிறேன். வங்கி இதை இரட்டைப் பாதுகாப்பு என்கிறது.

பதினொரு மணி வாக்கில் இரண்டு போனும் ஒன்றாக அதிர்ந்தன. வடக்கிலிருந்து பணம் வந்துவிட்டது. ஒரு கோடியே பத்து லட்சம், ஒரு ரூபாய் குறையாமல். அந்த எழுத்தருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். கோப்பு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்றார். அவருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது.

சற்று நேரத்தில் வங்கி மேலாளர் அழைத்தார். பணம் வந்ததைப் பார்த்துவிட்டார். பத்தாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம், ஸ்டேட்மெண்டை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். ஸ்டேட்மெண்ட் போனால் எல்லை இறங்கும். எல்லை இறங்கினால் பணம் அவர்களுடையது. அவர் எதையும் மறைக்கவில்லை. நானும் புரியாத மாதிரி நடிக்கவில்லை. மாலைக்குள் அனுப்புகிறேன் என்றேன்.

முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று தெரியும். ஜபம் முடிந்ததும் மழை வரும், மழைக்கு மூலப்பொருள் வேண்டும், வெளிநாட்டுக்காரருக்கு முன்பணம் கட்டுங்கள் என்பார்.

போனஸ் பட்டியலை எடுத்தேன். தொண்ணூற்றாறு பேர், பதினேழு லட்சம். என் எண்ணை அடித்தேன். முதலாளியின் போனை எடுத்து அவர் எண்ணையும் அடித்தேன். ஐந்து வருடப் பழக்கம்.

கீழே பேக்கிங் செக்‌ஷனில் ஒவ்வொரு போனாக மணியடிக்கும் சத்தம் மாடி வரை கேட்டது.

மாலை ஸ்டேட்மெண்டை அனுப்பினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. ஏப்ரல், மே சரக்கு முழுவதையும் கழித்திருந்தேன். எல்லையைவிட ஐந்து லட்சம் அதிகமாக எடுத்திருக்கிறோம் என்பது அதிலேயே தெரியும்.

முதலாளி ஈர வேட்டியோடு வந்தார். அவரும் கொஞ்ச நேரம் அண்டாவில் உட்கார்ந்தாராம். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி நனைந்தது.

"என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

அதனால்தான் கேட்கவில்லை என்றேன்.

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். போவதற்குத் தயாராக, டிபன் பாக்ஸைக்கூடப் பையில் எடுத்து வைத்திருந்தேன். கடைசியில் அவர் கேட்டது, எல்லோருக்கும் முழுதாகப் போட்டீர்களா, பிடித்தம் ஏதும் இல்லையே என்பதுதான். முழுதாக என்றேன். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்.

நவம்பர் 5, வியாழன்

வங்கி மேலாளர் பேசினார். குரலில் வருத்தம்தான் இருந்தது. நல்ல வளர்ப்பு. மாதக் கடைசிக்குள் கணக்கைச் சரிசெய்யாவிட்டால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்றார்.

ட்யூப்காரருக்குப் போன வாரம் ஒருவழியாகக் கொடுத்திருந்த செக் திரும்பிவிட்டது. அவரிடம் சொன்னது: பணம் இல்லை. அவர், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

நவம்பர் 7, சனி

மழை. காலையிலிருந்து கொட்டுகிறது. முதலாளி போன் செய்து, வருணன் மூன்று நாள் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்றார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று போன வாரமே சொன்னேனே என்கிறார் வீட்டுக்காரர். இருவருக்கும் ஆமாம் சொல்லிவிட்டேன்.

தெய்வேந்திரன் நாற்பது பெட்டி கேட்கிறார். மற்றவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தொண்ணூறு நாள் கடனில்.

நவம்பர் 10, செவ்வாய்

தீபாவளி விடுமுறை முடிந்து இன்றுதான் எல்லோரும் வந்தார்கள். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன். நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு போயிருந்தேன்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேக்கிங் லைனில் நான்கு பேரைக் காணோம். மத்தியானத்துக்கு முன்னால் அஞ்சலாட்சி மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கம்பெனிய மூடப் போறீங்களா மேடம்?"

ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன்.

"வச்சுக்குங்கன்னு நாங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த காசு. கேக்காமலே திருப்பிப் போட்டிருக்கீங்க. இதுக்கு முன்னாடி நான் இருந்த சோப்புக் கம்பெனில, கடைசி மாசந்தான் ஒரு பைசா பாக்கியில்லாம தீத்தாங்க. அடுத்த திங்கக்கிழம போனா கேட்ல பூட்டு." நான்கு பேர் பக்கத்துக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். மற்றவர்கள் அவர் கொண்டுபோகும் பதிலுக்காகக் கீழே காத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு யாரும் ஒன்றும் வாங்கவில்லையாம். காசை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்து, ஆறு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்த ஆறு நாளும் தொண்ணூற்றாறு வீட்டில் யாரும் தூங்கவில்லை. இருபது வருடத்தில் இவ்வளவு பெரிய கணக்குப் பிழை நான் செய்ததில்லை.

சொல்வதற்குக் காரணங்கள் நிறைய இருந்தன. எல்லாம் நல்ல காரணங்கள். ஒன்றையும் எடுக்கவில்லை. தெரியாது என்றேன். மூடும் எண்ணம் யாருக்கும் இல்லை, ஆனால் மூட வேண்டி வராது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். வடக்கிலிருந்து வந்த பணத்தை வங்கி எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். அதற்கு முன்னால் அவர்கள் பங்கை நான் எடுத்ததைச் சொன்னேன். மழைக்கு ஆர்டர் வந்திருப்பதையும், காசு வர மூன்று மாதம் ஆகும் என்பதையும், மாதக் கடைசிக்குள் வங்கிக்கு ஐந்து லட்சம் கட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார். இடையில் ஒரு முறை, அப்படியானால் டிசம்பர் சம்பளம் என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன்.

இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவர் கீழே போய்ச் சொல்வார், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன்.

அஞ்சலாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப இன்னும் மூடல."

"இன்னும் மூடல."

"மூடறதா இருந்தா மொதல்ல எங்ககிட்ட சொல்லிடுங்க மேடம். பேங்குக்கு அப்பால சொல்லிக்கலாம்."

சொல்கிறேன் என்றேன். அந்த நான்கு பேரைப் போன் போட்டு வரச்சொல்வதாகச் சொல்லிவிட்டு, மழைக்கு அவசரமாகப் போக வேண்டிய பெட்டி எது என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

பிற்பகல் வங்கி மேலாளர் அழைத்தார். ஐந்து லட்சத்துக்கு என்ன திட்டம், இன்று மாலைக்குள் எழுத்தில் வேண்டும் என்றார். பேக்கிங் செக்‌ஷனில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன் என்றேன். யாரிடம் என்று கேட்டார். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, பேக்கிங் செக்‌ஷன் என்று மறுபடி நிறுத்திச் சொன்னேன்.